கடல் அறைக்குள் வராது

கேள்வி: குடும்பத்தில் ஐந்து பேர். மே மாதம் ராமேஸ்வரம் போகிறோம். கணவர் ரிசார்ட் என்கிறார், நான் லாட்ஜ் என்கிறேன். தீர்ப்பு உங்கள் கையில்!
– ஒரு வாசகி, கரூர்

பதில்: நான் உங்கள் கட்சி. ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டு வீட்டுக்காரர் முன்னால் வையுங்கள். ரிசார்ட் அறை ஓர் இரவுக்கு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆக மொத்தம் 14,160. லாட்ஜில் தலா 1,500 ரூபாய்க்கு இரண்டு அறை எடுங்கள். 2025 செப்டம்பர் முதல் இந்த மாதிரி அறைகளுக்கு வரி 5 சதவீதம்தான். இரண்டும் சேர்ந்து 3,150. அவருடைய ஓர் இரவுப் பணத்தில் நீங்கள் நான்கு இரவு தங்கலாம், கையில் 1,560 ரூபாய் மிஞ்சும். குழந்தைகளுக்குக் கடல் பழகவே இரண்டு நாள் ஆகும். மூன்றாம் நாள்தான் அலையோடு பேசத் தொடங்குவார்கள். அந்த மூன்றாம் நாளை வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: ரிசார்ட்டில் நீச்சல் குளம் இருக்கிறதே?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: கடலுக்கு நூறடி தள்ளிக் குளம் தோண்டிக் குளிக்கிறோமே, கடல் நம்மை என்ன செய்தது?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. கடலில் இறக்கப் பயமாக இருக்கிறது. குளம் என்றால் தைரியமாக விடலாம் அல்லவா?
– ஒரு தாய், கோவை

பதில்: பயம் நல்லது, விட்டுவிடாதீர்கள். குளத்திலும் கண்ணை எடுக்கக் கூடாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரை பெரும்பாலும் அலையடங்கி இருக்கும்; கணுக்கால் தண்ணீரில் பிள்ளையை உட்கார வைத்து, கைக்கெட்டும் தூரத்தில் நீங்களும் உட்காருங்கள். தனுஷ்கோடியில் கால் நனைப்பதோடு சரி. அங்கே ஒரு பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடலின் சத்தம் வயிற்றுக்குள் கேட்கும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அலைகள் உடைந்துகொண்டிருக்கும் கரையில் நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாக, சமதளமாகத் தெரிந்தால் இறங்க நல்ல இடம் என்று நினைப்போம். கரையேறிய தண்ணீர் திரும்பக் கடலுக்குள் பாயும் வழி அது. அகப்பட்டவர் கரையை நோக்கி நீந்தினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பிலிருந்து வெளியே வர வேண்டும். எங்கே போனாலும் முதல் வேலையாக வலை சரிசெய்துகொண்டிருக்கும் மீனவரிடம், “அண்ணே, இங்க இறங்கலாமா?” என்று கேளுங்கள். அவர் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்.

கேள்வி: மடத்தில் தங்கினோம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: என்ன அய்யா கூச்சம்? சேதுவுக்கு நடந்துபோன யாத்திரிகர்கள் தங்கி, உண்டு, இளைப்பாறுவதற்கென்றே தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். திண்ணையில் படுத்து எழுந்துதான் நம் முன்னோர் ராமேஸ்வரம் பார்த்தார்கள். சம்பந்தியையும் அடுத்த முறை கூட்டிப் போங்கள்.

கேள்வி: மே மாதம் மீன் கிடைக்காது என்கிறார்களே?
– மீன் பிரியர், ஈரோடு

பதில்: பாதி உண்மை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம். நாட்டுப்படகுக்காரர்கள் போவார்கள். கோயிலைச் சுற்றி சைவம்தான் என்பதால் பாம்பனுக்கோ தங்கச்சிமடத்துக்கோ போய்விடுங்கள்.

பாம்பனில் ஒருமுறை விடிகாலையில் பிள்ளைகளோடு நின்றிருந்தேன். ஒரு அம்மா அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு முரல் மீன் அரிந்துகொண்டிருந்தார். என் மகள் குனிந்து பார்த்ததும் கையை நிறுத்தி, “கண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கணும் தாயி, செவுளு செவப்பா இருக்கணும்” என்று விரலால் செவுளைத் தூக்கிக் காட்டினார். பக்கத்து மெஸ்ஸில் பொரித்துக் கொடுத்தார்கள். மகள் இன்றும் எங்கள் ஊர்ச் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்க விடுவதில்லை. காலை உணவு விடுதிக் கட்டணத்திலேயே அடக்கம் என்றிருந்தால், அந்த நேரத்துக்கு நாங்கள் இட்லி வரிசையில் நின்றிருப்போம்.

கேள்வி: லாட்ஜ் எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?
– இல்லத்தரசி, விருதுநகர்

பதில்: பணம் கட்டும் முன் அறையைப் பாருங்கள். குழாயைத் திறங்கள், ஜன்னல் சாத்துகிறதா, கொசுவலை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீர் எத்தனை மணிவரை என்று கேளுங்கள். பெரியவர்கள் உண்டென்றால் தரைத்தளம். ‘24 மணி நேர செக்-அவுட்’ உண்டா என்பது முக்கியம். இரவு ஏழு மணிக்கு வந்தால் மறுநாள் ஏழு வரை உங்களுடையது. வீட்டிலிருந்து இரண்டு போர்வை, துணி காயப்போட ஒரு கயிறு. அவ்வளவுதான்.

கேள்வி: ‘பிரைவேட் பீச்’ என்று விளம்பரம் செய்கிறார்களே?
– ஒரு வழக்கறிஞர், திருச்சி

பதில்: கடற்கரை பொதுச்சொத்து. உங்களுக்குத் தெரியாததா?

கேள்வி: நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பொழுது போக வேண்டுமே அண்ணா?
– இரட்டையர்களின் அம்மா, திண்டுக்கல்

பதில்: ரயிலில் போங்கம்மா. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பதிலாக வந்த, கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்பும் 2025-ஆம் ஆண்டுப் புதிய பாலத்தை ஜன்னலிலிருந்து காட்டலாம். மறுநாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களைப் பார்த்தால் பிள்ளைகள் தானாகவே சத்தம் குறைப்பார்கள்.

அங்கே கடலுக்கு எட்டடி தூரத்தில் வாழும் குடும்பங்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கிறார்கள். அனுமதி கேட்டு, உள்ளங்கையில் வாங்கிக் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பு இருக்காது. மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. இதை என் பையனுக்கு விளக்க முயன்றேன். அவன் கேட்கவே இல்லை. ஒரு வாய் ஊற்றுநீர், ஒரு விரல் கடல்நீர் என்று மாறி மாறி நாக்கில் வைத்துக்கொண்டே இருந்தான். மே வெயிலில் பத்து மணிக்கு மேல் மணல் காலைச் சுடும். ஐந்தரைக்கே பிளாஸ்க்கோடு கிளம்பிவிடுங்கள்.