விழுகுற பல்லுக்கு

1974இல் எனக்கு ஆறு வயது. காமயகவுண்டன்பட்டி வீட்டுத் திண்ணையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுவேன். அப்பத்தா ஒரு கிராம்பைத் தட்டிக் கடைவாய்ச் சொத்தையில் வைத்து, "வாயை மூடிக் கடிடா" என்பார். சுருக்கென்று எரியும். பிறகு மரத்துப்போகும். நாலு நாளில் வலி திரும்பிவிடும்.

கடைசியில் கம்பத்துக்குக் கூட்டிப்போய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். "விழுகுற பல்லுக்கு எதுக்குப் பண்டுவம்?" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். பிடுங்கியவரும் மறுக்கவில்லை. அந்தப் பல் தானாக விழ இன்னும் நான்கைந்து ஆண்டு இருந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆறு வயதில் முளைத்த பெரிய கடைவாய்ப்பல் காலி இடத்துக்கு நகர்ந்து வந்துவிட்டது. பதினோரு வயதில் வரவேண்டிய பல் இடமின்றி நாக்குப் பக்கம் முளைத்தது. இன்றும் சோற்றுப் பருக்கை அங்கேதான் சிக்குகிறது.

போன வருஷம் என் பேத்திக்கு அதே இடத்தில், அதே கீழ்க் கடைவாய்ப்பல்லில் சீழ். வயது ஐந்து. தேனியில் குழந்தைப் பல் மருத்துவரிடம் போனோம். உள்ளே நுழைந்ததும் கிராம்பு வாசம்! கேட்டேன். "யூஜினால்ங்க ஐயா. கிராம்பு எண்ணெயில இருக்கிறதுதான்" என்றார். அப்பத்தா முகம் கண்ணில் வந்து நின்றது.

பிடுங்காமல், வேருக்குள் சுத்தம் செய்து மருந்து அடைத்துக் காப்பாற்றலாம் என்றார். பெரியவர்களின் பல்லில் இப்படி ரூட் கெனால் செய்தால் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை வைத்து அடைப்பார்கள். அது காலத்துக்கும் அப்படியே இருக்கவேண்டும். பால் பல்லில் அது ஆகாது. கீழிருந்து புதுப்பல் வர வர, பால் பல்லின் வேர் கரையும். அடைத்த மருந்தும் கூடவே கரையவேண்டும். மருந்தின் பொருத்தம் பார்ப்பது இங்கேதான்.

துத்தநாக ஆக்சைடும் யூஜினாலும் கலந்த பசை மிகப் பழையது. 1930 முதல் பால் பற்களில் வைக்கிறார்கள். கெட்டியாக நிற்கும். ஆனால் வேர் கரையும் வேகத்துக்கு அது கரையாது. துணுக்கு ஈறில் தங்கிவிடலாம், புதுப்பல்லின் பாதையையும் திருப்பிவிடலாம். மெட்டாபெக்ஸ் என்பது கால்சியம் ஹைட்ராக்சைடும் அயோடோஃபார்மும் சேர்ந்த மஞ்சள் பசை, சிரிஞ்சிலேயே வரும். வேர் நுனியைத் தாண்டிக் கசிந்தாலும் உடம்பு அதைக் கரைத்துவிடும். அவசரக்காரப் பசை அது: சில நேரம் வேர் கரையும் முன்பே உள்ளுக்குள் காலியாகிவிடும். எண்டோஃப்ளாஸ் என்ற மூன்றாவது பசையில் இவை எல்லாம் கலந்திருக்கின்றன. வெளியே கசிந்தது கரையும், உள்ளே இருப்பது பெரும்பாலும் நிற்கும். பல் சற்று நிறம் மாறலாம்.

இவற்றில் ஒன்றுதான் சிறந்தது என்று அறுதியிடப் போதிய சான்று இல்லை என்றே 2018இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. அதை மறைக்காமல் சொன்ன மருத்துவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. "இந்தப் பல்லு இன்னும் அஞ்சாறு வருஷம் மெல்லணும்ங்க ஐயா" என்று எண்டோஃப்ளாஸ் வைத்து, மேலே எஃகு கேப் போட்டார். அவர் கணக்கு எனக்குச் சரியாகவே படுகிறது.

ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் சீழ் இருந்த இடத்தில் எலும்பு மறுபடி வளர்ந்திருந்தது. பேத்தி இப்போது அந்தப் பக்கத்தில்தான் முறுக்கு கடிக்கிறாள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இன்னும் "விழுகுற பல்லுதானே" என்கிற பேச்சு கேட்கிறது. பிடுங்கச் சம்மதிக்கும் முன், இந்தப் பல் விழ எத்தனை வருஷம் இருக்கிறது, காப்பாற்றினால் எந்த மருந்து வைப்பீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.