வாய்ஸ் மெசேஜ் மகாராணி

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு முதல் வாய்ஸ் மெசேஜ் விழும். "மாடியில யாரு லைட்ட போட்டு வச்சிருக்கறது?" பேசுகிறவர் அதே வீட்டின் கீழ் ஹாலில்தான் இருக்கிறார். படியேறினால் முட்டி வலிக்கும். கத்தினால் மருமகளுக்கு மட்டும்தான் கேட்கும். குடும்ப குரூப்பில் போட்டால், ஹூஸ்டனில் இருக்கும் சின்ன மகள் கேட்டுவிட்டு மாடியில் தூங்கும் அண்ணனுக்கு போன் போட்டு லைட்டை அணைக்கச் சொல்வாள்.

ஒரகடம் ரோட்டு நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச மனையில் வரிசையாக ரூம் கட்டி ஷிப்டு பையன்களுக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில்வே கேட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்படி ஒருவர் இருப்பார்.

விக்டோரியா மகாராணி இவருக்கு முன்னோடி. அந்த மகாராணியின் மூத்த மகள் 1858-ல், பதினேழு வயதில், பிரஷ்ய இளவரசரைக் கட்டிக்கொண்டு பெர்லின் போனாள். அன்று தொடங்கிய கடிதம் மகாராணி சாகும் 1901 வரை ஓயவில்லை. கர்ப்பமாவதே தனக்குப் பிடிக்காது என்று ஒன்பது பெற்றவர் மகளுக்கு எழுதினார். ஆனாலும் தபால் போய்ச்சேர நாளாகும், மகள் அதற்குள் மூச்சு விட்டிருப்பாள். இங்கே நீல டிக் விழுந்த மறு நிமிடமே, "கேட்டுட்டு ஏன் பதில் பேசல?"

ஒரு மெசேஜ் நான்கு நிமிடம் ஓடும். முதல் நிமிடம் மூச்சிரைப்பும் மிக்ஸி சத்தமும். அப்புறம் விஷயம். நடுவில் கீரைக்காரியோடு பேரம். முடிவில், "இத எப்படிடா நிறுத்தறது?"

நான் அங்கே வாடகைக்கு இருப்பவன். மோட்டார் போடும் நேரம் தெரியட்டும் என்று என்னையும் குரூப்பில் சேர்த்தார். விலகிப் பார்த்தேன். "தம்பிக்கு என்ன கோவம்?" என்று மறுபடி சேர்த்துவிட்டார். இப்போது பெரிய மருமகளின் தைராய்டு ரிசல்ட், பேரனின் அரியர் கணக்கு, சம்பந்தி வாங்கிய கடன் எல்லாம் எனக்கு மனப்பாடம். மோட்டார் எப்போது போடுவார்கள் என்பது மட்டும் தெரியாது.

பிரதோஷத்தன்று சாயங்காலம் நிம்மதி, அம்மா கோவிலுக்குப் போய்விடுவார். குடைவரையில் இருக்கும் நரசிம்மரைச் சுற்ற வேண்டுமானால் மலையையே சுற்றியாக வேண்டும். பல்லவர்கள் இன்னும் கொஞ்சம் பெரிய மலையாகப் பார்த்திருக்கலாம்.

சும்மா சொல்லக்கூடாது. கடைசி ரூம் ஒடிசா பையன் நைட் ஷிப்டு முடிந்து காய்ச்சலில் படுத்தபோது, "அவனுக்குக் கஞ்சி குடுத்தீங்களா?" என்று நாலு மெசேஜ் போட்டுக் குடும்பத்தையே ஓடவிட்டவரும் இவர்தான்.

ஆனால் நிலம் விற்கும்போது மட்டும் இந்த அம்மாவுக்குப் பேச்சு குறைந்துவிடும். மகள்களைக் கூப்பிட்டு, பட்டுப்புடவையும் இரண்டு வளையலும் கொடுத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார். விக்டோரியா ஆண்ட இங்கிலாந்தில் கல்யாணமானவள் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள 1882-ல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டுவிட்டது, நாடு முழுக்க 2005-ல் வந்தது. அவ்வளவும் தெரிந்தே செய்கிறார். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் சின்ன மகள் குரூப்பிலேயே கேட்டாள்: "இந்த மனைல என் பங்கு எவ்ளோம்மா?" எல்லோருக்கும் நீல டிக். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மத்தியானம் அம்மாவின் மெசேஜ் வந்தது. மூன்றே வினாடி.

"மோட்டார் போட்டாச்சு."