குதிகால் வெடிப்பு: வல்லம் வட்டாரப் பாதவியலுக்கு ஒரு முன்னுரை

எந்த வல்லம் என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். இல்லையென்றால் பிற்கால ஆய்வாளர்கள் அடித்துக்கொள்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து வல்லம் அல்ல. பல்லவர் குடைவரை இருக்கிற செங்கல்பட்டு வல்லமும் அல்ல. விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்குப் பக்கத்தில், நெல்லும் மல்லாட்டையும் விளைகிற வல்லம். மல்லாட்டை என்றால் நிலக்கடலை என்று வெளியூர்க்காரர்களுக்கு ஓர் அடிக்குறிப்பு போட்டிருக்கலாம். பாதத்தைப் பற்றிய கட்டுரையில் அடிக்குறிப்பு சிலேடையாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பாதங்கள் இரண்டு. இரண்டும் என்னுடையவை. ஒப்பீட்டுக்காகப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து ஊரார் பாதங்களையும் நோட்டம் விட்டேன். ஓயாமல் அடுத்தவர் காலையே பார்த்துக்கொண்டிருப்பவனை ஊர் செருப்புத் திருடன் என்றுதான் நினைக்கும். களப்பணியில் இதெல்லாம் சகஜம்.

தமிழில் ‘கால்’ என்றால் நான்கில் ஒரு பங்கும் ஆகும். இதை வைத்து, நம் மொத்தக் கவனிப்பில் காலுக்குக் கால் பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்று ஒரு கொள்கையை முன்வைக்கிறேன். இன்றைய நிலவரம் வேறு. முக்கால் பங்கை முகம் எடுத்துக்கொள்கிறது, மிச்சமிருந்த காலைத் தலைமுடி பிடுங்கிக்கொண்டது. 26 எலும்பும் 33 மூட்டும் கொண்ட பாதத்துக்கு மாகாணி கூட மிஞ்சவில்லை.

பாதத்தை நாம் மதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மதிப்புக்குக் குறைவே இல்லை. பெருமாளின் பாதுகையைப் பற்றி மட்டும் வேதாந்த தேசிகர் 1008 பாடல்கள் இயற்றினார். வந்தவாசிப் பக்கம் பொன்னூர் மலையில் குந்தகுந்தரின் பாதச் சுவடுகளைச் சமணர்கள் வழிபடுகிறார்கள். ஆக, செருப்பைப் பாடியாயிற்று, சுவட்டைக் கும்பிட்டாயிற்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பாதத்தைத்தான் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

வரலாற்றாசிரியர்களும் பார்க்கவில்லை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறக்குறைய 800 அடி உயரம். 1690 முதல் 1698 வரை மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளேயும், சுல்பிகர் கான் தலைமையில் முகலாயப் படை வெளியேயுமாகச் செஞ்சி கிடந்தது. அத்தனை மழைக்காலத்துச் சேற்றிலும் அத்தனை சித்திரை வெயில் பாறையிலும் நின்ற கால்களின் நிலை என்ன? நான் புரட்டிய புத்தகங்களில் ஒரு வரி இல்லை. தேசிங்கு ராஜன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைக்குப் பாராசாரி என்று பெயர் உண்டு. பின்னால் ஓடியவனுக்குப் பெயர் இல்லை, வெறும் காலாள். காலை வைத்தே ஆளைக் கூப்பிட்டும் காலைக் கவனிக்காத கொடுமை இது. கோட்டை கட்டியவர்களுக்காவது விவரம் தெரிந்திருக்கிறது போலும்: ராஜகிரி, கிருஷ்ணகிரிக்கு அடுத்த ஒரு குன்றைச் செருப்புத் தைப்போரின் மலை என்று பொருள்படும் பெயரால் பழைய குறிப்புகள் சொல்கின்றன. ஏன் அந்தப் பெயர் என்று கேட்பவர்கள் புதுச் செருப்போடு ராஜகிரியில் ஒருமுறை ஏறி இறங்கட்டும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி சேர்ந்தபிறகு இப்படி ஏறி, செருப்புக்கடியோடு நொண்டி வருகிறவர்களையும் என் களப்பணியில் கண்டேன்.

இனி நோய்கள். பித்தவெடிப்பு என்ற பெயரே ஓர் ஆய்வுப் பிழை. பித்தப்பை இருப்பது ஈரலுக்கு அடியில். அங்கிருந்து குதிகாலுக்கு வந்துசேர வயிறு, தொடை, முழங்கால் எல்லாம் தாண்ட வேண்டும். வழியில் எங்குமே வெடிக்காமல் கடைசியில் வந்து வெடிக்கும் பொறுமை பித்தத்துக்கு இல்லை. உள்ளபடி நடப்பது வேறு. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பி ஏராளம், எண்ணெய்ச் சுரப்பி அறவே கிடையாது. தடித்த தோல் காய்கிறது. பின்பக்கம் திறந்த செருப்பில் உடம்பின் பாரம் இறங்கும்போது குதிகால் பக்கவாட்டில் பிதுங்குகிறது. காய்ந்த தோல் வாய் பிளக்கிறது, கோடையில் ஏரித்தரை பிளப்பதுபோல. இரவில் வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, துடைத்து, ஈரம் காய்வதற்குள் விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவினால் போதும். இந்தச் சிகிச்சைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பதால் யாரும் இதை நம்புவதில்லை.

நாற்றங்காலில் நிற்பவர்களுக்குச் சேத்துப்புண். சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவிலுள்ள சந்து இதற்கு ரொம்பப் பிடித்த இடம். காற்றுப் புகாது, ஈரம் போகாது; பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? நம் பண்பாட்டின் விசித்திரம் இங்கே வெளிப்படுகிறது. வாசலில் கால் கழுவாமல் யாரையும் வீட்டுக்குள் விடமாட்டோம். கழுவிய காலின் விரலிடுக்கைத் துடைக்கச் சொல்லி யாரும் யாரையும் அதட்டியதில்லை. துண்டு தோளில்தான் கிடக்கிறது.

கால் ஆணிக்கும் பெயர்தான் சத்துரு. ஆணி என்றதும் பிடுங்க வேண்டும் என்று கை பரபரக்கிறது. அது ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து உள்நோக்கி இறுகிய தோல், அவ்வளவே. அழுத்துகிற செருப்பை மாற்றாமல் பிளேடால் செதுக்கினால் செதுக்கச் செதுக்க வளரும். மாதிரி எண் இரண்டில் இது நிரூபணமாகியிருக்கிறது. தழும்பு வேண்டுவோருக்குக் காட்டப்படும்.

மதுரைமேல் எனக்கொரு பொறாமையும் உண்டு. முள் குத்திய வெறுங்காலில் மண்ணிலுள்ள கிருமி புகுந்து, பாதம் வருடக்கணக்கில் வீங்கிக் கட்டிதட்டும் நோயை 1842இல் மதுரையில் ஓர் ஆங்கிலேய மருத்துவர் குறித்துவைத்தார். அன்றிலிருந்து உலகத்து மருத்துவப் புத்தகங்களில் அதற்கு ‘மதுரைக் கால்’ என்றும் ஒரு பெயர். மல்லிகை, மீனாட்சி, ஜிகர்தண்டா போதாதென்று நோயிலும் ஊர்ப்பெயர்! வல்லத்தில் முள்ளுக்கு என்ன பஞ்சமா?

புளியமரத்தடியில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் என் முடிவுகளைச் சமர்ப்பித்தேன். நூலைப் பல்லால் கடித்தபடி கேட்டார். “வலிக்குதுன்னு வர்றவனுக்கு நான் போதும் சார். வலிக்கலன்னு வர்றாங்களே, அவங்களதான் ஆசுபத்திரிக்குப் போவச் சொல்றது.” இத்தனை பக்கம் எழுதிய எனக்கு இது தோன்றவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்த பால் பிராண்ட் கண்டதும் இதுதான்: விரல் தானாக அழுகி விழவில்லை, உணர்ச்சி போன பாதம் காயம்பட்டதே தெரியாமல் அதன்மேலேயே நடந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட கால்களுக்கென்று வந்த மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு இப்போது சர்க்கரைக்காரர்களுக்கும் தைக்கப்படுகிறது. சர்க்கரையும் நரம்பைத்தான் தின்கிறது. பெரியவரின் சாக்குப்பையில் அந்த நீலநிற ரப்பர்த் தகடு ஒன்று சுருட்டிவைத்திருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் தெரு ஆயா சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தது. சர்க்கரை வந்து வெகுகாலம் ஆகிறது. வழக்கம்போல் என் பார்வை முதலில் காலுக்குத்தான் போனது.

“ஆயா, ஒரு செருப்பு எங்க?”

“எங்க போவும்? கால்லதான் கெடக்குது” என்றது ஆயா, குனிந்து பார்க்காமலே.

வந்த வழியே திரும்பிப் போனேன். டீக்கடை தாண்டி, ரைஸ்மில் தாண்டி, ஜல்லி கொட்டியிருந்த இடத்தில் கிடந்தது.