வாசகர் எந்த வீதியில்?

கேள்வி: ஆயிரம் பக்க வரலாற்று நாவலைப் படிக்கிற வாசகர்கள் எங்கேதான் இருக்கிறார்கள்?

பதில்: மதுரையைப் பொறுத்தவரை, நாவலுக்குள்ளேயே குடியிருக்கிறார்கள்! சு.வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2008-இல் வந்தது. 2011-இல் சாகித்ய அகாதெமி விருது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த கதை அதில் வருகிறது. அந்த அகழிதான் இன்றைய வெளிவீதிகள். தினமும் அதன்மேல்தான் ஷேர் ஆட்டோவில் போகிறோம். பெரியார் பேருந்து நிலையத்தருகே மிஞ்சி நிற்கும் கோட்டைச் சுவரை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறங்கள், கீழே வைக்க மனசு வராது. அப்புறம் ஆனந்த விகடனில் அவருடைய ‘வேள்பாரி’ தொடராக வந்தது. வாசகரைத் தேடி, வாரந்தோறும் வீட்டு வாசலுக்கே இறங்கி வந்தார் பறம்பு மலைப் பாரி!