ஐபாடும் பங்காளிச் சண்டைகளும்

ஐபாட் ஜெயித்ததற்கு ஸ்டீவ் ஜாப்ஸின் மேதைமையே காரணம் என்று எழுதி எழுதியே பல புத்தகங்கள் விற்றுவிட்டன. அது பாதி உண்மை. மீதிப் பாதிப் புகழ் போட்டியாளர்களுக்குச் சேர வேண்டியது. அவர்கள் அவ்வளவு மெனக்கெட்டிருக்காவிட்டால் ஆப்பிளுக்கு வெற்றி இத்தனை மலிவாகக் கிடைத்திருக்காது. 2001 அக்டோபரில் ஐபாட் வந்தபோது அது சந்தையில் கடைக்குட்டி. தென்கொரியாவின் எம்பிமேன் என்ற பாட்டுக் கருவி 1998லேயே வந்துவிட்டது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 6 ஜிபி நோமாட் ஜூக்பாக்ஸை 2000லேயே விற்றுக்கொண்டிருந்தது. ஐபாடுக்கு 5 ஜிபிதான். விலை 399 டாலர், அதுவும் மேக் கணினியோடு மட்டுமே பேசும். மற்றவர்கள் பயப்படாததில் நியாயம் இருக்கிறது.

பயப்பட வேண்டியது தங்கள் வீட்டுப் பங்காளிகளைத்தான் என்பது அவர்களுக்குப் புலப்படவில்லை. 1979ல் வாக்மேனைக் கொடுத்து, நடந்துகொண்டே பாட்டுக் கேட்க உலகத்துக்குச் சொல்லித்தந்த சோனி, 1988ல் சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை வாங்கி இசைக் கம்பெனி முதலாளியும் ஆனது. கருவி விற்கும் சோனிக்குப் பாட்டு விற்கும் சோனியைக் கண்டால் நடுக்கம். விளைவு, ஊரே எம்பி3ஆகப் பாட்டுச் சேர்த்து வைத்திருந்த 2004ல், சோனி கொண்டுவந்த வன்வட்டு வாக்மேனுக்கு எம்பி3 ஆகாது. சோனிக்ஸ்டேஜ் என்ற மென்பொருளுக்குள் தள்ளி அட்ராக் என்ற சோனியின் சொந்த வடிவத்துக்கு மாற்றினால்தான் வாய் திறக்கும். ஆப்பிள் மட்டும் யோக்கியமா, அதன் இணையக் கடையில் அன்று வாங்கிய பாட்டும் அடுத்தவர் கருவியில் பாடவில்லையே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஐபாட் கையில் இருந்த எம்பி3க்குச் சாதி பார்க்கவில்லை. ஐபாடில் பாட்டு ஏற்றும் ஐடியூன்ஸ் மென்பொருளை 2003ல் ஆப்பிள் விண்டோஸ்காரர்களுக்கும் திறந்துவிட்டது.

விளம்பரம்தான் காரணம் என்பார்கள் சிலர். கிரியேட்டிவ் 2004ல் ஐபாட் மீது போர் அறிவித்து, விளம்பரத்துக்கென்றே 10 கோடி டாலர் ஒதுக்குவதாகச் சொன்னது. ஐபாட் அசையவில்லை. 2006ல் காப்புரிமை வழக்கில் சமரசமாகி ஆப்பிள் கிரியேட்டிவுக்குக் கொடுத்த தொகையும் 10 கோடி டாலர். கணக்கு டேலி.

மைக்ரோசாஃப்டின் கதை இன்னும் ருசி. கூட்டாளிக் கம்பெனிகளையெல்லாம் சேர்த்து 'பிளேஸ்ஃபார்ஷுர்', அதாவது நிச்சயம் பாடும், என்று 2004ல் முத்திரை குத்தியது. 2006ல் தானே ஸூன் என்று ஒரு கருவி விட்டது. முத்திரை குத்திய அந்தப் பாட்டுகள் அதில் நிச்சயம் பாடாது. ஸூனிலிருந்து ஸூனுக்குக் கம்பியில்லாமல் பாட்டு அனுப்பலாம். வாங்கியவர் மூன்று முறை கேட்கலாம், அல்லது மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம், பிறகு கிடையாது. இத்தனைக்கும் மேலே 2008 டிசம்பர் 31 அன்று 30 ஜிபி ஸூன்கள் கூட்டம் கூட்டமாக உறைந்து நின்றன. நாள் கணக்கை வருடமாக்கும் நிரலில், மிச்சம் 366 நாளுக்கு மேல் இருந்தால் லீப் வருடம் ஒன்றைக் கழி என்று எழுதியிருந்தார்கள். சரியாக 366 என்றால், அதாவது லீப் வருடத்தின் கடைசி நாளென்றால், என்ன செய்வதென்று எழுதவில்லை. கருவி யோசித்துக்கொண்டே சுழன்றது. பேட்டரி தீரும்வரை விட்டு மறுநாள் மதியத்துக்கு மேல் சார்ஜ் செய்யுங்கள் என்பதே கம்பெனி சொன்ன வைத்தியம்.

ஐபாடைக் கடைசியில் வீழ்த்தியது ஆப்பிளேதான். 2007ல் வந்த ஐபோனுக்குள் ஐபாட் அடக்கம். சொந்தச் சரக்கின் வியாபாரம் படுத்துவிடுமே என்று ஆப்பிள் தயங்கவில்லை. கடைசி மாடலான ஐபாட் டச்சை 2022 மே மாதம் நிறுத்தினார்கள். ஸூன் அதற்குப் பதினோரு வருடம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.