பீரோவுக்குள் கம்ப்யூட்டர்

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி மகன் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறான். கேபினட் மட்டும் பீரோ மாதிரி இருக்கிறதே, எதற்கு?
– ஒரு வாசகர், தாயில்பட்டி

பதில்: பெட்டி பெரிசு, சரக்கு சிறிசு என்பது தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் சமாச்சாரம்; பட்டாசுத் தொழில் நடக்கும் உங்கள் ஊர்க்காரருக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். இது வேறு. என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு மட்டுமே 30 செ.மீ. நீளம், 450 வாட் வரை இழுக்கும். ஆறு சீலிங் ஃபேன் ஓட்டுகிற கரண்ட், அத்தனையும் சூடாகிறது! பட்டாசு ஆலையில் அறைக்கு அறை இடம் விடுகிறார்கள் அல்லவா? இங்கே அந்த இடம் காற்றுக்கு. முன் ஃபேன் இழுக்கும், பின் ஃபேன் தள்ளும்.

இழுப்பதில்தான் வம்பு. பட்டாசு ஆலை வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வரும் அலுமினியப் பொடி மின்சாரம் கடத்தும். உள்ளே போனால் போர்டு காலியாகலாம். சட்டையைத் திண்ணையிலேயே உதறிவிட்டு வாருங்கள்.