டெவ் புராணம்: அனுமதிப் படலம்

காப்புச் செய்யுளுக்கு நேரமில்லை. நேரே சிருஷ்டிக்கு வருவோம்.

1969. நியூஜெர்சியில் பெல் ஆய்வுக்கூடம். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைப் படைக்க உட்கார்ந்தார்கள். வட்டுக்கு ஒரு முறை, டேப்புக்கு ஒரு முறை, முனையத்துக்கு ஒரு முறை என்று தனித்தனியாக எழுத யாருக்குப் பொறுமை? எல்லாவற்றையும் கோப்பு என்று அறிவித்து, டெவ் என்ற ஒரே அடைவுக்குள் தள்ளிவிட்டார்கள். ஆதிசங்கரருக்குப் பிறகு அத்வைதத்தை இவ்வளவு சுருக்கமாக முடித்தவர்கள் இவர்கள்தான்.

கோப்பு என்றால் அதற்கு ஓர் உரிமையாளர், ஒரு குழு, மிச்சமுள்ள ஊரார் என்று மூன்று தரப்பு உண்டு. அனுமதி எண் 660 என்றால் முதல் இரண்டு தரப்பும் படிக்கலாம், எழுதலாம். ஊரார் வேடிக்கைகூடப் பார்க்க முடியாது. 666 என்றால் போவோர் வருவோர் எல்லாரும் கைவைக்கலாம். விவிலியத்தில் அது மிருகத்தின் எண். யூனிக்ஸில் அது, 'வேலை நடந்தால் சரி' என்று கைகழுவிய நிர்வாகியின் எண்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியபோது இந்தச் சொத்தும் கூடவே வந்தது. அன்று டெவ் அடைவு வட்டிலேயே குடியிருந்தது. ஒருமுறை சிஎச்மாட் கட்டளையால் அனுமதி கொடுத்தால், வட்டு சாகும்வரை அது நிலைக்கும். அனுமதி இருந்தது, சாதனம்தான் இல்லை. என்றைக்காவது யாராவது எதையாவது செருகக்கூடும் என்று, உலகத்திலுள்ள எல்லாச் சாதனங்களுக்கும் மேக்டெவ் என்ற நிரல் முன்கூட்டியே கோப்பு போட்டு வைத்தது. ரெட் ஹாட் லினக்ஸ் 9இல் இப்படிப் பதினெட்டாயிரத்துக்கும் மேல். பெண்ணே பார்க்கவில்லை, பந்திக்கு இலை போட்டாயிற்று. இதில் எண் பஞ்சம் வேறு: ஒவ்வொரு சாதனத்துக்கும் பெரிய எண், சின்ன எண் என இரண்டு, இரண்டுக்கும் எட்டே பிட். 256க்கு மேல் எண்ணத் தெரியாது.

2000இல் ரிச்சர்ட் கூச் எழுதிய டெவ்எஃப்எஸ், லினக்ஸின் மையமான கருநிரலுக்குள் நுழைந்தது. இது நினைவகத்தில் வாழும் டெவ். இருக்கும் சாதனத்துக்கு மட்டும் கோப்பு; பேய்க் குடியிருப்புகள் காலி. ஆனால் பெயர் வைப்பதில் தாராளம். எச்டிஏ1 என்று அடக்கமாக இருந்த வட்டுப் பிரிவு, ஐடிஇ, ஹோஸ்ட் 0, பஸ் 0, டார்கெட் 0, லன் 0, பார்ட் 1 என்று ஆனது. பின்கோடு மட்டும்தான் பாக்கி.

பெரிய வம்பு வேறிடத்தில் இருந்தது. கணினியை அணைத்தால் நினைவகம் காலி; கொடுத்த அனுமதியும் காலி. இதற்குச் சொல்லப்பட்ட வைத்தியங்களில் ஒன்று: அணைக்கும்போது டெவ் அடைவை டார் கோப்பாக மூட்டை கட்டு, மறுநாள் பிரித்துப் போடு. நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் நம்மைப் போன்ற ஊர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். முன்பு அனுமதி நிலைத்தது, சாதனம் பொய். இப்போது சாதனம் மெய், அனுமதி நிலைக்கவில்லை.

2003இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் யூடெவ் என்ற நிரலோடு வந்தார். இவர் கண்டுகொண்டது எளிய விஷயம்: செத்துச் செத்துப் பிறக்கும் கோப்பின் தலையில் அனுமதியை எழுதிப் பயனில்லை, விதியாக எழுதி வட்டில் வை. இன்ன நிறுவன எண், இன்ன பொருள் எண் உள்ள சாதனம் வந்தால் இன்ன குழு, இன்ன அனுமதி. அது எத்தனை முறை பிடுங்கிச் செருகப்பட்டாலும் விதி விடாது. தலைவிதியில் நம்பிக்கையுள்ள நமக்கு இது உடனே புரிந்திருக்கும். டெவ்எஃப்எஸ் 2006இல் கருநிரலிலிருந்து வெளியேற்றப்பட்டது.

கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். 2009இல் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் வந்தது. கருநிரலே நினைவகத்தில் சாதனக் கோப்புகளைப் போட்டுக்கொடுக்கும். டெவ்எஃப்எஸ் செய்ததும் ஏறக்குறைய அதுதானே? ஆமாம். கொண்டுவந்தவர்கள்? யூடெவ்வின் கே சீவர்ஸும் அதே கிரெக்கும்தான். மாமியாரை வீட்டைவிட்டு அனுப்பியவர்களே அவர் சமையலைக் கற்றுக்கொண்ட கதை. அனுமதி வழங்கும் அதிகாரம் மட்டும் யூடெவ்விடமே நின்றது. 2012இல் அந்த யூடெவ்வும் கணினியைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டியோடு கூட்டுக் குடும்பமாகிவிட, பிடிக்காத ஜென்டூ லினக்ஸ் அணியினர் இயூடெவ் என்று தனிக்குடித்தனம் போனார்கள்.

குழுக்களின் கதை தனி. டெபியன் லினக்ஸில் இன்றும் சீரியல் போர்ட்டுக்குரிய குழுவின் பெயர் டயல்அவுட். மோடத்தில் எண் சுழற்றிய காலம் மலையேறிவிட்டது. ஆர்டுயினோ பலகையில் விளக்கெரிக்க விரும்பும் மாணவர் அந்தக் குழுவில் சேர்ந்தாக வேண்டும். ஆடியோ குழுவில் இருப்பவரோ எங்கிருந்தோ நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்து, கணினிமுன் இருப்பவர் பேசுவதை மைக்கில் கேட்கலாம். இதைத் தடுக்க வந்ததுதான் யூஆக்சஸ் முத்திரை: யார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கு அனுமதி, எழுந்து போனால் பறிமுதல். நாற்காலி போனதும் அதிகாரம் போகும் ஏற்பாடு கணினியிலாவது ஒழுங்காக நடக்கிறது.

ஆகவே நேயர்களே, ஸ்கேனர் திறக்க மறுத்தால் சிஎச்மாட் 666 என்று அடிக்காதீர்கள். மறுமுறை செருகும்போது அது காற்றோடு போகும். எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் அதன் நிறுவன எண், பொருள் எண் இரண்டையும் பாருங்கள். எட்ஸி அடைவில் யூடெவ், அதற்குள் ரூல்ஸ்.டி; அங்கே ஒரு வரி விதி எழுதுங்கள். யூஆக்சஸ் முத்திரை குத்துவதானால் கோப்பின் பெயர் 73க்குக் குறைந்த எண்ணில் தொடங்கட்டும். நாற்காலிக்கு அனுமதி பிரிக்கும் விதி 73இல் இருக்கிறது, பிந்தி வந்தவருக்குப் பங்கில்லை. யூடெவ்ஏடிஎம் கொண்டு விதிகளை மறுபடி ஏற்றி, சாதனத்தைப் பிடுங்கிச் செருகுங்கள். அனுமதியைக் கோப்புக்குக் கொடுத்தால் ஒரு நாள் கூத்து. விதிக்குக் கொடுத்தால் நிரந்தரம்.